வாட்ச் ஸ்ட்ராப் வாங்கும் முன் மணிக்கட்டை அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் வாட்ச் சர்வீஸ் கடைக்கு ஸ்ட்ராப் மாற்ற வருகிறவர்கள் இப்போதெல்லாம் கையில் ஒரு பார்சல் கவரோடு வருகிறார்கள். உள்ளே ஆன்லைனில் வாங்கிய புது ஸ்ட்ராப். "வாட்ச்சுல சரியாத்தான் மாட்டுது, கையிலதான் சரியா உட்கார மாட்டேங்குது" என்பார்கள். வாட்ச்சை அளந்திருப்பார்கள், கையை அளந்திருக்க மாட்டார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்ட்ராப் வாங்க எத்தனை அளவு தேவை?

இரண்டு. முதலாவது வாட்ச்சின் அளவு. ஸ்ட்ராப் மாட்டுவதற்காக டயலுக்கு மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. கடைக்காரர் "20 சைஸா, 22 சைஸா?" என்று கேட்பது இதைத்தான். இரண்டாவது, உங்கள் மணிக்கட்டின் சுற்றளவு.

முதல் அளவு தப்பினால் ஸ்ட்ராப் வாட்ச்சில் ஏறாது, உடனே தெரிந்துவிடும். இரண்டாவது தப்பினால் ஸ்ட்ராப் ஏறும், பக்கிளும் மாட்டும். நாலு நாள் கட்டிய பிறகுதான் ஒரு பக்கம் அழுத்துவதும், வாட்ச் வெளிப்பக்கமாகச் சரிந்துகொண்டே இருப்பதும், வால் நீண்டு சட்டைக் கையில் மாட்டுவதும் தெரியும். அதற்குள் திருப்பி அனுப்பும் நாள் முடிந்திருக்கும்.

மணிக்கட்டில் சரியாக எந்த இடத்தில் டேப்பைச் சுற்றுவது?

சுண்டுவிரல் பக்கமாகக் கையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே மேலே போங்கள். உள்ளங்கை முடிந்த கொஞ்ச தூரத்தில் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். வாட்ச் உட்கார வேண்டிய இடம் அந்த முண்டுக்குச் சற்று மேலே, முழங்கைப் பக்கம். டேப்பை அங்கே சுற்றுங்கள்.

சிலர் முண்டுக்குக் கீழே, உள்ளங்கையை ஒட்டிக் கட்டுவார்கள். அது பழக்கம். அப்படிக் கட்டுகிறவர் அங்கேதான் அளக்க வேண்டும். எங்கே கட்டுகிறீர்களோ அங்கே அளங்கள் என்பதுதான் விதி. இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு நூல், இரண்டு நூல் வித்தியாசம் வந்துவிடும். ஒரு நூல் என்றால் கால் அங்குலத்தில் பாதி, ஏறக்குறைய 3 மி.மீ. ஸ்ட்ராப்பில் அது அரைத் துளை.

கையை மேஜை மேல் தளர்வாக வையுங்கள். விரல்கள் விரிந்திருக்கட்டும். முஷ்டி பிடித்தால் தசைநார்கள் புடைத்து அளவு மாறும். டேப் தோலை ஒட்டிப் படிந்திருக்க வேண்டும், சதையில் பதியக் கூடாது. எந்தக் கையில் கட்டுவீர்களோ அந்தக் கையையே அளங்கள். வேலை செய்யும் கை பெரும்பாலும் மற்றதைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும்.

இன்னொன்று: அளவு எடுக்கும்போதே "கொஞ்சம் லூஸா இருக்கட்டும்" என்று ஒரு சென்டிமீட்டரைச் சேர்த்துச் சொல்லாதீர்கள். நீங்கள் கொஞ்சம் சேர்ப்பீர்கள், கடையில் நாங்களும் கொஞ்சம் சேர்ப்போம். கடைசியில் வாட்ச் வளையல் மாதிரி ஆடும். தோலை ஒட்டிய அளவை அப்படியே சொல்லுங்கள்.

வீட்டில் இஞ்ச் டேப் இல்லை. வேறு வழி?

ஒரு வெள்ளைத்தாளை விரல் அகலத்துக்கு நீளமாகக் கத்தரித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பிரித்து, பிள்ளைகளின் ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். தாள் இழுபடாது என்பதால் நூலைவிட நம்பகமானது. தையல் நூல், பூக்கட்டும் நூல் எல்லாம் சுற்றும்போது கையை இறுக்கும், பிரித்து நீட்டும்போது இன்னும் கொஞ்சம் இழுபடும்.

ஸ்கேலும் இல்லையா? பர்ஸை எடுங்கள். இப்போது புழக்கத்தில் இருக்கும் 500 ரூபாய் நோட்டின் நீளம் 150 மி.மீ. ஊதா நிற 100 ரூபாய் நோட்டு 142 மி.மீ. ஏ.டி.எம். கார்டின் நீளப்பக்கம் 85.6 மி.மீ., அகலப்பக்கம் 54 மி.மீ. இரண்டு கார்டை நீளவாக்கில் ஒட்டி வைத்தால் 171 மி.மீ. உங்கள் தாளை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 150க்குக் கீழேயா, 170ஐத் தாண்டுகிறதா என்பது தெரிந்துவிடும். ஸ்ட்ராப் குட்டையா, சாதாரணமா, நீளமா என்று முடிவு செய்ய அதுவே போதும். ஓரம் நைந்த நோட்டு வேண்டாம், மொடமொடப்பான நோட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

போன் திரையில் ஸ்கேல் காட்டும் செயலிகள் உண்டு. முதலில் அந்த ஸ்கேல் மேல் ஏ.டி.எம். கார்டை வைத்து, 85.6 காட்டுகிறதா என்று பார்த்த பிறகு நம்புங்கள்.

எந்த நேரத்தில் அளந்தால் சரியாக இருக்கும்?

இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. மணிக்கட்டு நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. வெயிலில் ரத்தக்குழாய்கள் விரிந்து கை சற்று உப்பும். கையைத் தொங்கப்போட்டு வெகுநேரம் நடந்தாலும், உப்பு தூக்கலாகச் சாப்பிட்டாலும் உப்பும். ஏ.சி. அறையில் ஒரு மணி நேரம் இருந்தால் சுருங்கும். என் இடது கை விடிகாலையில் 168 மி.மீ. மே மாதத்தில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வரும்போது அதே கை 173.

அதனால் சாயங்காலம் ஒரு முறை, காலையில் எழுந்ததும் ஒரு முறை அளங்கள். பெரிய அளவுக்கு ஸ்ட்ராப் சரியாக இருக்க வேண்டும். சின்ன அளவுக்கு ஒரு துளை உள்ளே தள்ளிப் போட முடிய வேண்டும். குளித்து முடித்த கையோடு அளக்காதீர்கள், வெந்நீர் பட்ட கை உண்மையைச் சொல்லாது.

காது இடைவெளியை எப்படி அளப்பது? பழைய ஸ்ட்ராப்பின் அகலத்தைச் சொன்னால் போதாதா?

போதாது. பழைய தோல் ஸ்ட்ராப் வியர்வையில் ஊறி உப்பியிருக்கும், அல்லது முன்பு யாரோ ஒரு சைஸ் பெரியதை நெருக்கித் திணித்திருப்பார்கள். ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காதின் உள்சுவரிலிருந்து எதிர்க் காதின் உள்சுவர் வரை மில்லிமீட்டரில் பாருங்கள். பொதுவாக ஆண்கள் வாட்ச்சில் 18, 20, 22 வரும். பெரிய கேஸ் (டயலைத் தாங்கும் வாட்ச்சின் உடல்) என்றால் 24. பெண்கள் வாட்ச்சில் 12, 14, 16. நடுவில் 19, 21 என்றும் சில உண்டு. அங்கேதான் தடுமாறுவார்கள். சந்தேகம் வந்தால் வெர்னியர் என்ற துல்லிய அளவுக்கருவி வைத்திருக்கும் கடையில் காட்டுங்கள், ஒரு நிமிஷ வேலை.

தோல், நைலான், ரப்பரில் 1 மி.மீ. பெரியதை நெருக்கி மாட்டலாம், ஓரம் கொஞ்சம் மடிந்து தெரியும். 1 மி.மீ. சின்னது போட்டால் பக்கத்தில் சந்து விட்டு, ஸ்ட்ராப்பைக் காதுகளோடு பிடிக்கும் சின்னக் கம்பியான பின் வெளியே தெரியும், ஸ்ட்ராப் இங்கும் அங்கும் நகரும். செயினில் இந்தச் சமாளிப்பெல்லாம் நடக்காது.

"20/18" என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் "115/75" என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

இல்லை. 20/18 என்பது அகலம். வாட்ச் பக்கம் 20, பக்கிள் பக்கம் 18. பழைய பக்கிளையே புது ஸ்ட்ராப்பில் மாட்ட நினைக்கிறவர்கள் அந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்க வேண்டும்.

115/75 என்பது நீளம். துளை உள்ள நீளத் துண்டு 115 மி.மீ., பக்கிள் உள்ள குட்டைத் துண்டு 75 மி.மீ. பக்கிளின் நீளம் இதில் சேராது. கை அளவோடு சம்பந்தப்பட்ட எண் இதுதான். ஆன்லைனில் பலர் இதைப் பார்க்காமலே வாங்கிவிடுகிறார்கள்.

என் கைக்கு 115/75 சரிப்படுமா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், ஒரு முறை புரிந்துவிட்டால் வாழ்நாளுக்கும் போதும்.

வாட்ச் கட்டிய கையைச் சுற்றி மூன்று துண்டுகள் சேர்ந்து ஒரு வளையம் ஆகின்றன. மேல் பின்னிலிருந்து கீழ்ப் பின் வரை வாட்ச். அடுத்து, பக்கிள் உள்ள குட்டைத் துண்டு முழுசாக. மூன்றாவது, நீளத் துண்டில் வாட்ச் முனையிலிருந்து நீங்கள் போடும் துளை வரை. இந்த மூன்றையும் கூட்டினால் உங்கள் மணிக்கட்டோடு கொஞ்சம் மூச்சுவிடும் இடமும் சேர்ந்த அளவு வர வேண்டும். அந்த இடத்துக்கு நான் 5 மி.மீ. வைப்பேன்.

இப்போது என் மேஜையில் ஒரு 115/75 தோல் ஸ்ட்ராப் இருக்கிறது. ஏழு துளை. வாட்ச் முனையிலிருந்து முதல் துளை 43 மி.மீ., கடைசித் துளை 82 மி.மீ. ஒவ்வொரு துளைக்கும் நடுவே ஆறரை மி.மீ. பக்கத்தில் இருக்கும் வாட்ச்சில் பின்னுக்குப் பின் 40 மி.மீ. கூட்டிப் பாருங்கள்: 40, 75, 43 சேர்ந்தால் 158. அதுதான் இதில் கிடைக்கும் மிகச் சின்ன வளையம். 40, 75, 82 சேர்ந்தால் 197, மிகப் பெரியது. 5 மி.மீ. கழித்தால் 153 முதல் 192 மி.மீ. வரை உள்ள கைக்கு இது மாட்டும்.

மாட்டும் என்பது வேறு, பொருந்தும் என்பது வேறு. முதல் துளையிலோ கடைசித் துளையிலோ போய் நிற்கிற ஸ்ட்ராப்பை நான் சரியான ஸ்ட்ராப் என்று சொல்ல மாட்டேன். நடுவில் உள்ள மூன்று துளைகளில் ஒன்றில் நிற்க வேண்டும். அப்போதுதான் வெயிலுக்கு ஒன்று வெளியே, மார்கழிக்கு ஒன்று உள்ளே என்று மாற்ற முடியும். அந்தக் கணக்கில் இந்த ஸ்ட்ராப்புக்கு ஏற்ற கை 165லிருந்து 180 மி.மீ. வரை.

145 மி.மீ. கைக்கு இதே ஸ்ட்ராப்பைப் போட்டுப் பாருங்கள். வளையம் 150 வேண்டும். வாட்ச் 40, குட்டைத் துண்டு 75, அங்கேயே 115 ஆகிவிட்டது. மீதி 35. அந்த இடத்தில் துளையே இல்லை. இவர்கள் 105/65 மாதிரிக் குட்டை ஸ்ட்ராப் கேட்டு வாங்க வேண்டும். 195ஐத் தாண்டிய கைக்கு 130/80 மாதிரி நீளமானது. கடைகளில் இவை முன்வரிசையில் தொங்காது, ஆனால் கேட்டால் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

சின்னக் கைக்குக் கூடுதலாக ஒரு துளை போட்டுக்கொண்டால் போச்சு, எதற்குக் குட்டை ஸ்ட்ராப் தேடுவது?

துளை போட்டால் இறுக்கம் சரியாகும், பக்கிள் இருக்கும் இடம் சரியாகாது. குட்டைத் துண்டு 75 மி.மீ. இருந்தால், சின்னக் கையில் அது அடிப்பக்கத்தின் நடுவைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். பக்கிள் ஒரு ஓரத்தில் எலும்பு மேல் நிற்கும். எழுதும்போதும் கீபோர்டில் தட்டும்போதும் மேஜை விளிம்பு அதைத்தான் அழுத்தும். ஸ்ட்ராப்பின் இழுவை ஒரு பக்கமாகப் போவதால் டயலும் சரிந்துகொண்டே இருக்கும். கையைத் திருப்பி, உள்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். பக்கிள் மணிக்கட்டின் நடுவில், நரம்பு ஓடும் பள்ளத்தின் மேல் இருந்தால் அளவு சரி.

வால் வேறு இருக்கிறது. துளையைத் தாண்டி மீதமுள்ள துண்டு நீண்டு கேஸின் பக்கவாட்டில் வந்து எட்டிப் பார்க்கும். அதைக் கத்தரித்துக் கொடுங்கள் என்று கேட்பார்கள். தோலின் ஓரத் தையல் பிரிந்துவிடும் என்பதால் நான் கத்தரிப்பதில்லை.

ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவில் கை மாட்டிக்கொண்டு, இதில் இறுக்கம், அதில் லூஸ் என்று இருந்தால் மட்டும் நடுவில் ஒரு துளை போடுவது நியாயம். துளைக் கட்டரில் 2 மி.மீ. முனை வைத்து, ஸ்ட்ராப்பின் அடியில் பழைய தோல் துண்டு ஒன்றைக் கொடுத்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்தினால் தோல் கருகி, அந்த இடத்திலிருந்தே கிழியும். ரெக்சினில் இன்னும் மோசம்.

எவ்வளவு இறுக்கமாகக் கட்டுவது?

பக்கிள் பக்கம் சுண்டுவிரல் நுனி நுழைய வேண்டும், கட்டைவிரல் நுழையக் கூடாது. கையைக் கீழே தொங்கவிட்டு உதறினால் வாட்ச் எலும்பு முண்டைத் தாண்டி வரக் கூடாது. கழற்றிய பிறகு தோலில் தெரியும் தடம் பத்து நிமிஷத்தில் மறைய வேண்டும். அரை மணி நேரம் ஆகியும் பள்ளம் தெரிந்தால் ஒரு துளை தளர்த்துங்கள்.

புதுத் தோல் ஸ்ட்ராப் முதலில் விறைப்பாக இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் கையின் வளைவுக்குப் படிந்து ஒரு நூல் அளவு இளகும். முதல் நாள் கொஞ்சம் பிடிப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். முதல் நாளே லூஸாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

செயின் வாட்ச்சில் கண்ணி எத்தனை கழற்றுவது?

கட்டிக்கொண்டு, கையின் அடிப்பக்கம் தொங்கும் அதிகப்படியை இரண்டு விரலால் மடித்துப் பிடியுங்கள். எத்தனை கண்ணி மடிப்புக்குள் வருகிறதோ அதுவே கணக்கு. செயினைப் பூட்டும் கிளாஸ்ப்புக்கு இரண்டு பக்கமும் சமமாகக் கழற்றுங்கள். ஒற்றைப்படையாக ஒன்று மிஞ்சினால் நான் 6 மணிப் பக்கத்திலிருந்து எடுப்பேன், பெரும்பாலான கைகளுக்கு அப்போதுதான் கிளாஸ்ப் நடுவில் வருகிறது.

கண்ணியின் உள்பக்கம் சின்ன அம்புக்குறி இருக்கும். பின்னை அந்தத் திசையில் தள்ளி வெளியே எடுக்க வேண்டும், திரும்பப் போடும்போது எதிர்த்திசையில். இது தெரியாமல் ஆணியும் சுத்தியலுமாக வீட்டில் உட்கார்ந்து, ஓரம் நசுங்கிய செயினோடு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். கண்ணி கழற்றி முடித்தும் ஓரிரு மில்லிமீட்டர் இடிக்கிறது என்றால், கிளாஸ்ப்பின் பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் குட்டித் துளைகளில் பின்னை ஒரு துளை மாற்றினால் தீர்ந்தது. பல வாட்ச்களில் இந்த வசதி உண்டு, வாங்கியவர்களுக்குத் தெரிவதில்லை.

கழற்றிய கண்ணிகளை வாட்ச் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். உடம்பு போடும், இளைக்கும். அந்த மாடலின் கண்ணி பத்து வருஷம் கழித்துக் கிடைக்காது.

நேட்டோ ஸ்ட்ராப்புக்குக் கை அளவு பார்க்க வேண்டாம் என்கிறார்களே?

பார்க்க வேண்டும். ஒரே நீள நைலான் பட்டை வாட்ச்சுக்கு அடியில் நுழைந்து வெளியே வரும் வகை இது. பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் 1973ல் தன் படையினருக்காக வகுத்த தரத்திலிருந்து வந்தது. அதில் சொன்ன நீளம் 280 மி.மீ. சீருடைக்கு மேலேயும் கட்ட வசதியான நீளம் அது. 150 மி.மீ. கையில் கட்டினால் மீதி வாலை மடித்து வளையத்துக்குள் திரும்பச் செருக வேண்டியிருக்கும், அந்த மடிப்பு தடிமனாகப் புடைக்கும். சின்னக் கைக்காரர்கள் குட்டை நீளம் என்று கேட்டு வாங்குங்கள். பட்டை இரண்டு அடுக்காக அடியில் ஓடுவதால் வாட்ச் தரையிலிருந்து எழும்பின மாதிரி உயரும், ஏற்கெனவே தடிமனான வாட்ச்சுக்கு அது நன்றாக இருக்காது.

ஒரு நல்ல விஷயம்: ஒரு பக்கப் பின் தெறித்துப் போனாலும் வாட்ச் கீழே விழாது, மறுபக்கப் பின்னில் பட்டையோடு தொங்கும்.

ஸ்மார்ட் வாட்ச்சுக்கும் இதே அளவுதானா?

மணிக்கட்டு அளப்பது அதேதான். இடம் மட்டும் இன்னும் ஒரு விரல் மேலே. அடியில் பச்சை விளக்கு அடித்து ரத்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் நாடித்துடிப்பைச் சொல்கிறது. எலும்பு முண்டு மேல் உட்கார்ந்தால் இடைவெளி விழுந்து வெளிவெளிச்சம் உள்ளே புகும், எண் தப்பாக வரும். நடக்கும்போதும் ஓடும்போதும் ஒரு துளை இறுக்கி, முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். நாள் முழுக்க இறுக்கிக் கட்டினால் வியர்வை அடைபட்டுத் தோல் புண்ணாகும்.

ஆப்பிள் வாட்ச்சில் காது கிடையாது, கேஸுக்குள் வழுக்கி நுழையும் ஸ்ட்ராப். அதில் பக்கிளே இல்லாத சோலோ லூப் என்ற வகைக்கு 1லிருந்து 12 வரை சைஸ் உண்டு. துளை இல்லை, மாற்ற வழியில்லை. அளவு ஒன்று தப்பினால் முழு ஸ்ட்ராப்பும் வீண். அதற்கு மட்டும் மூன்று நாள், காலை மாலை அளந்துவிட்டு வாங்குங்கள். அவர்கள் தரும் அளவுத் தாளை அச்செடுத்தால், அச்சில் சுருங்கியிருக்கிறதா என்று ஏ.டி.எம். கார்டை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயிலுக்குத் தோல் ஸ்ட்ராப் தாங்குமா?

தினமும் கட்டினால் வியர்வை உப்பு ஏறி, ஒரு வருஷத்துக்குள் உள்பக்கம் கறுத்து வெடிக்கும். இரண்டு ஸ்ட்ராப் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கட்டினால் இரண்டுமே நீண்ட நாள் வரும், ஏனென்றால் தோலுக்கு உலர ஒரு முழு நாள் வேண்டும். இரவு கழற்றியதும் பூட்டி வைக்காமல் காற்றுப்பட வையுங்கள். வெயிலில் காயப்போடாதீர்கள்.

தோல் வாங்கும்போது தடிமனையும் பாருங்கள். டைட்டன் எட்ஜ் மாதிரி மொத்த வாட்ச்சே 3.5 மி.மீ. தடிமன் உள்ளதற்கு 4 மி.மீ. பஞ்சு வைத்த ஸ்ட்ராப் போட்டால் ஸ்ட்ராப் மேலே, வாட்ச் பள்ளத்தில் என்று ஆகிவிடும். தடிமனான ஸ்ட்ராப் உள்வளையத்தையும் கொஞ்சம் தின்னும். அதற்கு ஒரு துளை கூடுதலாக வேண்டியிருக்கும்.

மே, ஜூனுக்கு ரப்பரோ நைலானோதான் என் சிபாரிசு.

ஸ்ட்ராப் கட்டிய இடத்தில் அரிக்கிறது. அளவுக் கோளாறா?

பெரும்பாலும் இறுக்கமும் வியர்வையும்தான். ஒரு துளை தளர்த்தி, ஸ்ட்ராப்பைத் துடைத்து உலரவிட்டு ஒரு வாரம் பாருங்கள். பக்கிள் படும் இடத்தில் மட்டும் சிவந்து தடித்தால் அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். தோல் படும் இடம் முழுக்க என்றால், குரோம் உப்பில் பதனிட்ட தோல் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அவர்கள் தாவரச் சாயத்தில் பதனிட்ட தோல் கேட்கலாம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட ஊர்கள் திண்டுக்கல்லும் திருச்சியும். அந்தத் தோலின் மணமே தனி.

தடிப்பு இறங்காவிட்டால் ஸ்ட்ராப்பை மாற்றிக்கொண்டே இருக்காமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

எந்தக் கையில் கட்டக் கூடாது என்று ஏதாவது உண்டா?

டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த அமைப்பு) வைத்திருக்கும் கையில் வாட்ச் கட்டவே கூடாது. வளையல், இறுக்கமான சட்டைக் கை எதுவுமே அந்தக் கையில் வேண்டாம். மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்களும் அந்தப் பக்கக் கையில் இறுக்கமாக எதையும் கட்டுவதில்லை. கடைக்கு வந்து "இந்தக் கையில் பழக்கம்" என்று பெரியவர்கள் நீட்டினால் நான் கேட்டுவிடுவேன். மறுகையை அளந்து புதிதாகத் துளை பார்த்துக் கொடுப்பேன்.

டயலை உள்பக்கம் வைத்துக் கட்டுகிற பழக்கம். அதற்குத் தனி அளவா?

சுற்றளவு அதேதான். ஆனால் பக்கிள் இப்போது மணிக்கட்டின் மேல்புறத்தில், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கும். குட்டைத் துண்டு நீளமாக இருந்தால் பக்கிள் ஓரம் போவது பளிச்சென்று தெரியும். நம் அம்மாக்கள், டீச்சர்கள் பலர் இப்படித்தான் கட்டினார்கள், கரும்பலகையில் எழுதிக்கொண்டே மணி பார்க்க வசதி. சின்ன டயல், 12 அல்லது 14 சைஸ் மெல்லிய ஸ்ட்ராப் இதற்கு அழகாக உட்காரும்.

அப்பாவின் பழைய எச்.எம்.டி. வாட்ச்சைக் கட்ட ஆசை. என்ன ஸ்ட்ராப் போடலாம்?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களுக்கு நான் நேரம் பார்ப்பதில்லை. சிட்டிசனோடு கைகோத்து 1961ல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. ஜனதா மாடல் என்றால் காது இடைவெளி பெரும்பாலும் 18. இருந்தாலும் அளந்துவிடுங்கள். கேஸ் 35 மி.மீ. சுமார்தான். பின்னுக்குப் பின் தூரம் இப்போதைய வாட்ச்களைவிடக் குறைவு. மேலே போட்ட கணக்கில் 40க்குப் பதிலாக உங்கள் வாட்ச்சில் அளந்த எண்ணைப் போடுங்கள். புது வாட்ச்சுக்கு நாலாவது துளையில் நிற்கும் அதே ஸ்ட்ராப் இதில் ஐந்தாவதில் நிற்கும்.

மெல்லிய, தட்டையான, பஞ்சு வைக்காத தோல் போடுங்கள். பின்னையும் புதிதாக மாற்றுங்கள். நாற்பது வருஷத்துப் பின்னில் ஸ்பிரிங் செத்திருக்கும். வேறு சில மிகப் பழைய வாட்ச்களில் பின் கழலாது, காதோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். அதை நெம்பாதீர்கள். நேட்டோ மாதிரி நுழைத்து மாட்டும் பட்டை அதற்குப் போதும்.

அப்பாவின் பழைய ஸ்ட்ராப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் ஒரு துளை மட்டும் நீள்வட்டமாக இழுபட்டு, ஓரம் மழுங்கி, சுற்றிலும் கறுத்திருக்கும். அவர் கை அளவு அதுதான்.

பரிசாக வாங்கப் போகிறேன். அவரிடம் கேட்காமல் அளவு எடுக்க முடியுமா?

அவர் கழற்றி வைத்த வாட்ச் கிடைத்தால் முடியும். இழுபட்டிருக்கும் துளையில் பக்கிளை மாட்டி வளையமாக்குங்கள். தாள் துண்டை உள்பக்கமாக, வாட்ச்சின் அடிப்பாகத்தையும் சேர்த்து ஒரு சுற்று விட்டு அளங்கள். வருவது வளையத்தின் அளவு. அதில் 5 கழித்தால் மணிக்கட்டு. வாட்ச்சைத் தலைகீழாக ஒரு போட்டோவும், காதுப் பக்கம் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஸ்ட்ராப் வந்துவிட்டது. மாட்டும்போது கவனிக்க என்ன?

பக்கிள் உள்ள குட்டைத் துண்டு 12 மணிப் பக்கம், துளை உள்ள நீளத் துண்டு 6 மணிப் பக்கம். பின்னின் ஒரு முனையை முதலில் காதின் குழியில் நிறுத்தி, மறுமுனையை உள்ளே அமுக்கித் தள்ளிக்கொண்டே போனால் "டிக்" என்று விழும். விழுந்துவிட்டது என்று நம்பிக் கையில் கட்டிவிடாதீர்கள். மெத்தையின் மேலே பிடித்துக்கொண்டு ஸ்ட்ராப்பை இரண்டு பக்கமும் ஒரு முறை அழுத்தி இழுங்கள். பின் குழியில் பாதிதான் உட்கார்ந்திருந்தால் அங்கேயே தெறித்துவிடும், வாட்ச் மெத்தையில் விழும்.